மழையைத் துரத்தும் மான் கூட்டம்! ஆப்பிரிக்காவுக்கு எந்த மாதம் போனால் பார்க்கலாம்?

ஆப்பிரிக்கக் காட்டை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று பலருக்கு ஆசை. அதற்காகச் சிலர் பல வருடம் பணம் சேர்க்கிறார்கள். மனைவி, மக்களோடு விமானம் ஏறுகிறார்கள். அங்கே இறங்கி, ஜீப் பிடித்து, நாள் முழுவதும் புழுதியில் குலுங்கிக்கொண்டு போகிறார்கள்.

போய்ச் சேர்ந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் புல்!

"லட்சக்கணக்கில் மான் வரும் என்றார்களே, எங்கே?" என்று டிரைவரைக் கேட்டால், "அவை வடக்கே போய் ஒரு மாதம் ஆகிறதே!" என்பார்.

மாதம் தப்பினால் இதுதான் கதி. செலவழித்த பணம் போனது போனதுதான்.

சிங்கத்தையும் யானையையும் அங்கே எந்த மாதமும் பார்க்கலாம். ஆனால் இந்த மான் கூட்டத்தைப் பார்க்க, கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது போல நாள் பார்த்துத்தான் போக வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம். இந்த முகூர்த்தத்தைக் குறிப்பது மழை. அது எந்தப் பஞ்சாங்கத்துக்கும் கட்டுப்படாது!

மாட்டுத் தலை, குதிரை வால்

கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா என்று ஒரு நாடு. அதற்கு வடக்கே கென்யா. தான்சானியாவின் வட பகுதியில் செரங்கெட்டி என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. 1951-ம் ஆண்டு முதல் இது தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 14,700 சதுர கிலோமீட்டர்.

பூங்கா என்றதும் பூச்செடியும் உட்காரும் பெஞ்சும் நினைவுக்கு வரும். இது அப்படி அல்ல. பெரிய காடும் புல்வெளியும் சேர்ந்த இடம். வடக்கு எல்லையைத் தாண்டினால் கென்யா நாட்டு மாசாய் மாரா காடு. நடுவில் வேலி கிடையாது. மனிதர்களுக்குத்தான் இது இரண்டு நாடு. மான்களுக்கு எல்லாம் ஒரே மேய்ச்சல் நிலம்தான். பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம்!

இங்கே வாழும் மானுக்கு "வைல்டபீஸ்ட்" என்று பெயர். தென் ஆப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. "நூ" என்றும் சொல்வார்கள். வாய்க்கு எளிதாக இருப்பதால் நாமும் நூ மான் என்றே வைத்துக்கொள்வோம்.

மான் என்றதும் புள்ளிமானை நினைத்துவிடக் கூடாது. இது அழகில் சேர்த்தி இல்லை. தலையும் கொம்பும் மாட்டைப் போல இருக்கும். முகம் நீளம். தாடையில் ஆட்டுத் தாடி. பின்னால் குதிரை வால். பிரம்மா மிச்சம் மீதியை எல்லாம் ஒட்டிப் படைத்தாரோ என்று தோன்றும்!

ஆனால் கூட்டமாக நகரும்போது அதன் அழகே வேறு. பூமியே நகர்வது போல இருக்கும். எத்தனை மான்கள்? 13 லட்சம் என்பது நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. 2025-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் மூலம் எண்ணிப் பார்த்து, 6 லட்சத்துக்கும் குறைவு என்று சொன்னது. எது சரி என்ற விவாதம் நடக்கிறது. குறைந்த கணக்கை வைத்துக்கொண்டாலும் அம்மாடி என்று வாயைப் பிளக்க வேண்டியதுதான்! இவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் சிறு மான்களும் சேர்ந்து போகின்றன.

இரண்டு வீட்டுக் குடித்தனம்

இந்தக் கூட்டம் வருடம் முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. தெற்கே இருந்து மேற்கு, பிறகு வடக்கு, மீண்டும் தெற்கு. ஒரு சுற்று 800 கிலோமீட்டருக்குக் குறையாது. ஏன் இந்த அலைச்சல்? நல்ல இடமாகப் பார்த்து ஒரே இடத்தில் இருக்கக் கூடாதா?

இருக்க முடியாது. அதற்குக் காரணம் உண்டு.

தெற்கே உள்ள புல்வெளி எரிமலைச் சாம்பல் படிந்த மண். பக்கத்திலேயே எரிமலைகள் இருக்கின்றன. "ஓல் டோய்ன்யோ லெங்காய்" என்ற மலை இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது. அந்தச் சாம்பல் மண்ணில் முளைக்கும் புல் குட்டையாக இருக்கும். ஆனால் சத்து அதிகம். எலும்புக்கும் பாலுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அதில் நிறைய உண்டு. பால் கொடுக்கும் தாய் மானுக்கு அந்தப் புல்லே மருந்து.

ஆனால் அங்கே வற்றாத ஆறு கிடையாது. மழை நின்றால் குட்டைகள் காய்ந்துவிடும். புல் கருகிவிடும். ஒரு லட்சம் மானுக்குக்கூட அங்கே தண்ணீர் கிடைக்காது.

வடக்கே மாரா ஆறு ஓடுகிறது. கோடையிலும் தண்ணீர் உண்டு. மழையும் அதிகம். ஆனால் அங்கே புல் உயரமாக வளருமே தவிர, தெற்குப் புல்லின் சத்து அதில் இல்லை.

ஆகவே மழைக் காலத்தில் தெற்கு வீடு, வறண்ட காலத்தில் வடக்கு வீடு என்று இரண்டு வீடு வைத்துக்கொண்டு நூ மான் குடித்தனம் செய்கிறது. எங்கே மழை பெய்ததோ அந்தத் திசையில் கூட்டம் திரும்பும். மழை தாமதித்தால் கூட்டமும் தாமதிக்கும்.

மாசி மாதப் பிரசவம்

டிசம்பர் வாக்கில் மான்கள் தெற்கே வந்து சேர்கின்றன. மார்ச் வரை அங்கேதான். ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் நடுப்பகுதிக்குள் குட்டிகள் பிறக்கின்றன. பிப்ரவரிதான் உச்சம். நம் கணக்கில் தை கடைசி, மாசி.

இதில் ஓர் அதிசயம்! தாய் மான்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே சமயத்தில் குட்டி போடுகின்றன. பெரும்பாலான குட்டிகள் மூன்றே வாரத்துக்குள் பிறந்துவிடும்.

ஏன் இப்படி? சிங்கமும், கழுதைப்புலியும், சிறுத்தையும் காத்துக்கொண்டிருக்கின்றன. நாளுக்குப் பத்துப் பத்தாகக் குட்டி பிறந்தால் அத்தனையையும் தின்று தீர்த்துவிடும். ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் பிறந்தால் என்ன ஆகும்? சிங்கத்துக்கும் வயிறு ஒன்றுதானே! எவ்வளவுதான் தின்ன முடியும்? சில குட்டிகள் போகும். மற்றவை பிழைத்துக்கொள்ளும். முன்கூட்டியோ பின்தங்கியோ பிறக்கும் குட்டிக்குத்தான் ஆபத்து அதிகம்.

பிறந்த குட்டி சில நிமிடங்களில் எழுந்து நிற்கிறது. இரண்டு முறை தடுமாறி விழும். மூன்றாம் முறை நின்றுவிடும். உடனே தாயின் பின்னால் ஓட ஆரம்பித்துவிடும். மனிதக் குழந்தை நடக்க ஒரு வருடம் ஆகிறது. நூ மான் குட்டிக்கு அவ்வளவு நேரம் யார் கொடுப்பார்கள்?

கூட்டத்தில் தாயைத் தவறவிடும் குட்டியின் பாடுதான் பரிதாபம். வேறு தாய் மான் அதற்குப் பால் கொடுக்காது. மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளிவிடும். அந்தக் குட்டி நகருகிற எதையாவது தாய் என்று நினைத்துப் பின்னால் ஓடும். சுற்றுலா ஜீப்பின் பின்னால்கூட ஓடி வரும். ஜீப்பில் இருக்கும் பெண்கள் அதைப் பார்த்துக் கண் கலங்குவது உண்டு. ஆனால் எடுத்து வளர்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு இந்தப் பிப்ரவரிதான் பொருத்தம் என்று சொல்ல வேண்டும். ஆற்றைக் கடக்கும் காட்சி கிடைக்காது. ஆனால் கூட்டம் திறந்த வெளியில் ஒரே இடத்தில் பரந்து நிற்கும். நாள் கணக்கில் தேடி அலைய வேண்டியது இல்லை. தங்குவதற்கு இண்டூட்டு என்ற இடத்தைச் சுற்றிக் கூடாரங்கள் இருக்கின்றன.

ஏப்ரல், மே மாதங்களில் பெரு மழை. பாதை சேறாகிவிடும். ஜீப் புதைந்தால் பாதி நாள் போய்விடும். சில விடுதிகளை மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் விடுதியில் வாடகை குறைவு. பணம் குறைவு, பொறுமை அதிகம் என்கிறவர்கள் போகலாம். கூட்டம் அப்போது வடமேற்கே திரும்பி நடக்கத் தொடங்கியிருக்கும். மே, ஜூனில் ஆண் மான்கள் பெண் மான்களுக்காக முட்டி மோதிக்கொள்ளும். ஜூன் வாக்கில் மேற்கே உள்ள குருமெட்டி ஆற்றை அடைகின்றன. அங்கேயும் முதலைகள் உண்டு. ஆனால் அந்த ஆறு சில வருடம் குட்டை குட்டையாக வற்றிக் கிடக்கும்.

ஆற்றங்கரையில் உயிர்ப் போராட்டம்

பத்திரிகையிலும் சினிமாவிலும் வரும் படம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான மான்கள் உயரமான கரையில் இருந்து ஆற்றில் குதிக்கும். தண்ணீரில் முதலை வாயைத் திறந்துகொண்டு வரும். அது மாரா ஆறு. ஜூலையில் இருந்து அக்டோபர் வரை இந்தக் காட்சி நடக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் வாய்ப்பு அதிகம்.

"எந்தத் தேதி?" என்று மட்டும் கேட்கக் கூடாது. யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லி டிக்கெட் விற்கிறவரை நம்பவும் கூடாது!

மான் கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. ஆற்றங்கரைக்கு ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். தண்ணீரைப் பார்க்கும். பின்னால் இருப்பவை நெருக்கும். முன்னால் இருப்பவை தயங்கும். ஏதோ ஒரு வரிக்குதிரை மிரண்டால் போதும், எல்லாம் திரும்பி ஓடிவிடும். மறுபடி வரும். மணிக்கணக்கில் இப்படி. சில சமயம் நாள் கணக்கில்.

திடீரென்று ஒரு மான் குதிக்கும். அவ்வளவுதான்! அணை உடைந்தது போல மற்றவை பாயும். புழுதி, கூச்சல், தண்ணீர்! அரை மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான மான்கள் அக்கரை ஏறிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அக்கரையில் மழை பெய்யவில்லை என்றால் சில நாளில் அதே கூட்டம் அதே ஆற்றைத் தாண்டித் திரும்பி வரும். ஒரு பருவத்தில் பல முறை இப்படிக் கடப்பது உண்டு.

முதலைதான் மான்களை அதிகம் கொல்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை அது அல்ல. நெரிசலில் மிதிபட்டும், செங்குத்தான கரையில் ஏற முடியாமலும், வெள்ளத்தில் மூழ்கியும் இறப்பவைதான் அதிகம். இதை ஆராய்ந்தவர்கள் 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மாரா ஆற்றில் மூழ்கி இறக்கும் மான்கள் சராசரியாக வருடத்துக்கு 6,250! சதை மீனுக்கும் கழுகுக்கும் போகிறது. எலும்பு மட்கி ஆற்றில் கரைய ஏழு வருடம் ஆகிறதாம். அந்த ஆறு ஒரு பகுதி மான்களால்தான் உயிர் வாழ்கிறது என்றே சொல்லலாம்.

ஆகவே ஆற்றுக் காட்சியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு நாள் பயணமாகப் போகக் கூடாது. ஆற்றுக்குப் பக்கத்திலேயே மூன்று, நான்கு இரவாவது தங்க வேண்டும். கென்யா பக்கம் போவதானால் நைரோபியில் இறங்க வேண்டும். அங்கிருந்து மாசாய் மாராவுக்குச் சாலை வழியாக ஐந்து, ஆறு மணி நேரம். தான்சானியா பக்கம் ஆற்றங்கரைக்கு அருகே உள்ள இடம் கொகாடெண்டே. அதற்கு அருஷா நகரில் இருந்து சிறு விமானம் போகிறது.

செலவும் இந்த மாதங்களில்தான் அதிகம். மாசாய் மாராவில் வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் 2024 முதல் நாளுக்கு 100 டாலர். அது ஜனவரியில் இருந்து ஜூன் வரைதான். ஜூலை பிறந்தால் 200 டாலர்! நான்கு பேர் உள்ள குடும்பம் மூன்று நாள் தங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் சேர்ந்தால் தொல்லையும் சேரும். மான் ஆற்றில் இறங்கப் போகிறது என்று வயர்லெசில் செய்தி பறக்கும். நாலா பக்கமும் இருந்து ஜீப்புகள் ஓடி வந்து கரையை அடைத்துக்கொள்ளும். மான்கள் மிரண்டு, கரை சரிவாக உள்ள இடத்தை விட்டு, செங்குத்தான இடத்தில் குதிக்கும். 2025 ஜூலையில் தான்சானியா பக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் ஜீப்பை விட்டு இறங்கிக் கரையிலேயே நின்றார்கள். மான்கள் வழி இல்லாமல் தத்தளித்த படம் உலகம் முழுவதும் பரவி, பெரும் கண்டனம் எழுந்தது. பார்க்கப் போகிறவர்களே மானுக்கு எமன் ஆகலாமா? ஜீப்பைத் தூரத்தில் நிறுத்தும் டிரைவர் கிடைத்தால், அவர்தான் நல்ல டிரைவர். "இன்னும் கிட்டே போ" என்று அவரை நச்சரிக்கக் கூடாது.

மகனைப் பறிகொடுத்த தந்தை

எந்த மாதம் எந்த இடத்தில் மான் இருக்கும் என்ற விவரம் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் போய் ஓர் இளைஞர் உயிரையே கொடுத்தார்.

1950-களில் தான்சானியாவுக்கு டாங்கனிகா என்று பெயர். வெள்ளைக்காரர் ஆட்சி. செரங்கெட்டி பூங்காவின் ஒரு பகுதியை வெட்டிவிட அரசாங்கம் திட்டம் போட்டது. மான்கள் எந்தெந்த நிலத்தை எந்தக் காலத்தில் நம்பியிருக்கின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஜெர்மனியில் பிராங்பர்ட் மிருகக்காட்சிசாலையின் தலைவர் பெர்ன்ஹார்ட் கிரிஜிமெக். அவருடைய மகன் மைக்கேல். தந்தையும் மகனும் சேர்ந்து ஆப்பிரிக்க மிருகங்களைப் பற்றி ஒரு சினிமா எடுத்து, அதில் பணம் சம்பாதித்திருந்தார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கிப் பூங்காவுக்குக் கொடுக்க முன் வந்தார்கள். பூங்கா அதிகாரி வேறு உதவி கேட்டார். மிருகங்கள் எத்தனை, அவை எங்கே போய் வருகின்றன என்று கண்டுபிடித்துக் கொடுக்கச் சொன்னார்.

தந்தையும் மகனும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். சிறு விமானம் ஒன்றை வாங்கி, அதற்கு வரிக்குதிரையைப் போலக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்தார்கள். 1957 டிசம்பரில் ஜெர்மனியில் இருந்து ஆப்பிரிக்காவுக்கு அதிலேயே பறந்து வந்தார்கள். தாழப் பறந்து மிருகங்களை எண்ணினார்கள். சிலவற்றைப் பிடித்து, அடையாளம் தெரியக் கழுத்தில் வர்ணப் பட்டை கட்டி விட்டார்கள். மாதா மாதம் கூட்டம் எங்கே நிற்கிறது என்று படத்தில் குறித்தார்கள். அரசாங்கம் வரைந்த புதிய எல்லைக்குள் மான்கள் அடங்கவில்லை என்பது வெட்டவெளிச்சம் ஆயிற்று!

வேலை முடியும் தறுவாயில், 1959 ஜனவரி 10-ந்தேதி, மைக்கேல் தனியாக விமானத்தில் சென்றார். பறந்துகொண்டிருந்தபோது ஒரு பெரிய கழுகு இறக்கையில் மோதியது. விமானம் விழுந்து நொறுங்கியது. மைக்கேலுக்கு வயது 24.

கொரோங்கோரோ மலை உச்சியில் மகனைப் புதைத்துவிட்டு, தந்தை மிச்ச வேலையை முடித்தார். இருவரும் சேர்ந்து எடுத்த "செரங்கெட்டி சாகக் கூடாது" என்ற படத்துக்கு 1960-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. 1987-ல் தந்தை இறந்தார். அவருடைய அஸ்தியும் மகனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செரங்கெட்டிக்குப் போகும் வழியில்தான் அந்தக் கல்லறை. எல்லா ஜீப்புகளும் அதைத் தாண்டித்தான் போகின்றன.

பயன் ஏற்பட்டதா என்றால், பாதிதான் ஏற்பட்டது. தென்கிழக்குப் பகுதி 1959-லேயே பூங்காவில் இருந்து பிரிக்கப்பட்டது. ஆனால் அங்கே மான்கள் மேய இன்றும் தடை இல்லை. வடக்கே புதிதாக நிலம் சேர்க்கப்பட்டது.

வெக்கை நோய் விட்ட வழி

தந்தையும் மகனும் எண்ணியபோது நூ மான்கள் ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவாகவே தென்பட்டன. அதற்குக் காரணம் நம் விவசாயிகளுக்குத் தெரிந்த எதிரிதான். வெக்கை நோய்! 1890 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்த நோய் புகுந்து, மாசாய் மக்களின் மாடுகளையும் காட்டு மான்களையும் ஒருசேர அழித்தது. பஞ்சத்தில் மக்களும் மடிந்தார்கள்.

பிறகு பூங்காவைச் சுற்றியுள்ள மாடுகளுக்குத் தடுப்பு ஊசி போட்டார்கள். ஊசி மாட்டுக்கு, பிழைத்தது மான்! 1963 வாக்கில் மான்களிடம் நோய் ஓய்ந்தது. 1970-களின் கடைசியில் எண்ணிக்கை 13 லட்சம் வாக்கில் உயர்ந்துவிட்டது. 2011-ல் உலகத்திலேயே வெக்கை நோய் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது.

இப்போது பயம் வேலியும் சாலையும்தான். கென்யாவில் லோய்ட்டா சமவெளியில் இதே நூ மானின் வேறொரு கூட்டம் உண்டு. அது 1970-களில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. கோதுமை வயலும் வேலியும் வந்து வழியை அடைத்ததும், இருபதே வருடத்தில் சில பத்தாயிரமாகச் சுருங்கிவிட்டது. செரங்கெட்டியின் வடபகுதியிலும் குறுக்கே தார்ச் சாலை போட 2010-ல் தான்சானியா அரசாங்கம் முயன்றது. வழக்கு நடந்தது. 2014-ல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் அந்தத் தார்ச் சாலைக்குத் தடை விதித்தது.

அக்டோபர் கடைசியில் தெற்கே இடி முழங்கும். சிறு மழை தொடங்கும். கூட்டம் மீண்டும் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். நவம்பரில் போகிறவர்களுக்கு அது நடந்துகொண்டிருக்கும் வழியில் எங்கேயாவது அகப்படும். எங்கே என்பது மழையைப் பொறுத்தது.

போக நினைப்பவர்கள் விமான டிக்கெட்டுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கென்யா போய் வருகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பு ஊசி அவசியம். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுக்கொண்டு, அதற்குரிய சர்ட்டிபிகேட்டை வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் திரும்பி வந்தால், நம் ஊர் விமான நிலையத்தில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். மலேரியா மாத்திரையைப் பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று எண்ணி வெறும் மல் சட்டையோடு போகவும் கூடாது. புல்வெளி கடல் மட்டத்துக்கு மேலே 1,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலம் நல்ல குளிர். ஜீப் கிளம்புவதோ சூரியன் உதிக்கும் முன்பே. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சுவெட்டராவது வேண்டும்.